மெதுவாகக் கூப்பிட்டால்

கிரைண்டர் சுவிட்சை அணைத்தோமா இல்லையா. குடையை விரித்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவந்து, காதர் பாய் தையல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி, நைட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் இளவரசிக்கு அந்த யோசனை வந்தது. வந்தது, போகமாட்டேன் என்றது. உளுந்து பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு இடி இடித்துக் கரண்ட் போனது, கல் நின்றது, அவள் கையில் ஒட்டிய மாவைக் கழுவினாள், அது நினைவிருக்கிறது, ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்று நினைத்தது வரைக்கும் நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு தொட்டாளா என்பதுதான் இல்லை. தெருவில் மூன்றாவது வீடு, எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம், ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் அவள் போன அந்த நிமிஷம் பார்த்து ஸ்கூல் வேன் வந்துவிட்டால், கனிஷ்கா இறங்கி நின்று அம்மாவைத் தேடினால், அந்த நேரம் பார்த்து மேலே ஒன்று இடித்தால். போகட்டும், உளுந்துதானே. சாயங்காலம் மாவு கேட்டு வருகிறவர்களிடம் மழை என்று சொன்னால் போச்சு, மழைக்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். வேன் வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. டிரைவர் டேவிட்டுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டேன் என்று அவர் முதல் நாளே சொன்னபோது எவ்வளவு சந்தோஷப்பட்டாள், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா என்று புருஷன் ராஜதுரையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள், இப்போது அந்த நல்ல மனுஷன் ஒரே ஒரு தடவை கெட்டவனாகிப் போனை எடுத்தால் தேவலை என்றிருந்தது. தெருவில் தண்ணீர் இன்னும் செருப்பைத் தாண்டவில்லை. அதையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். செருப்பு வரைக்கும் மழை, செருப்புக்கு மேலே போனால் வெள்ளம், ஏரிக்கரை நகரில் அதுதான் கணக்கு. ஏரிக்கரை என்று போர்டு வைத்திருந்தார்கள், கரை என்று நம்பித்தான் குடிவந்தாள், உள்ளே என்று யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் வெள்ளம் வாசல் வழியாகக் கூட வரவில்லை. விருந்தாளி என்றால் வாசல் வழியாக வரும், இது குளியலறை ஓட்டை வழியாகத் திருடன் மாதிரி வந்தது. எல்லாரும் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள், கனியின் ரோஸ் கலர் செருப்பு ஒன்று நடந்துவருகிற மாதிரி கூடத்துக்குள் வந்தது, முதலில் சிரித்தார்கள் கூட. பிறகு கட்டில் மேல் பீரோத் துணிகள், பரண் மேல் பாத்திரங்கள், மாடிவீட்டுப் படியில் அரிசி மூட்டை. இடி விழ விழக் கனி வீறிட்டுக்கொண்டே இருந்தாள், ராஜதுரை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான், கால் வழுக்குகிறது, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, ஒரே ஒரு முறை அதட்டினான், வாயை மூடு கனி என்று. அவள் மூடினாள். உள்ளங்கையால் மூடினாள். தண்ணீர் வடிந்து, வீடு காய்ந்து, சுவரில் பச்சைக் கோடு மட்டும் மிஞ்சின பிறகும் மழை வந்தால் அந்தக் கை தானாக வாய்க்குப் போய்விடும், பேச்சு நின்றுவிடும், இடித்தால் கண்ணிலிருந்து மட்டும் சத்தமில்லாமல் ஒழுகும். ராஜதுரை அதைப் பார்க்க முடியாமல் எழுந்து வெளியே போய்விடுவான். நாம சொன்ன ஒரு சொல்லுதானே என்று அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வாரம் லேசாகத் தூறினதற்கே பிள்ளை பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாளாம். டீச்சர் கூப்பிட்டனுப்பி, தன்மையாகத்தான் சொன்னார்கள், மழைக்காலம் முடியும்வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்களேன், அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பையே திரும்பவும் போட்டுக்கொள்ளலாம், சின்னப் பிள்ளைதானே என்று. ராஜதுரை உடனே சரி என்றான். இளவரசி மட்டும் ஒரே ஒரு மழை நாள் பார்க்கலாம் என்றாள், ஒரு நாள், அன்றைக்கும் அந்தக் கை வாயை விட்டு இறங்கவில்லை என்றால் நானே வீட்டில் நிறுத்திவிடுகிறேன் என்று. அந்த ஒரு நாள் இன்றைக்குத்தான் என்று காலையில் வானத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. தெரிந்துதான் அனுப்பினாள். அனுப்பியிருக்கக் கூடாதோ. மழைக்குப் பயந்து ஒரு பிள்ளை ஒரு வருஷத்தை விடுவதா, விட்டால் அடுத்த வருஷம் மட்டும் மழை வராமல் இருக்குமா. வரும். வரணும். வராவிட்டால் அது வேறு அழுகை.

ஊரில் மழைக்கு யாரும் பள்ளிக்கூடத்தை விட்டதில்லை, அங்கே பள்ளிக்கூடம்தான் மழைக்கு விட்டுக்கொடுத்து நகர்ந்து உட்காரும். திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம் அவள் படித்த ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் ஒழுகாத மூலை எதுவோ அதுதான் அன்றைக்கு வகுப்பு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் அந்த மூலையில் கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கிக்கொள்வார்கள், ஓட்டு மேல் மழை போடுகிற சத்தத்துக்கு மேலே வாய்ப்பாடு கத்த வேண்டும், மழை பலமாகப் பெய்கிற அன்றைக்குத்தான் அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு தப்பில்லாமல் வரும், ஏனென்றால் தப்பு யாருக்கும் கேட்காது. சாக்கை உள்ளே மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வாய்க்காலும் வயலும் ரோடும் ஒரே மட்டத்தில் நிற்கும், எது ரோடு என்று காலுக்குத்தான் தெரியும். வீட்டில் அம்மா ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்திருப்பாள், எவர்சில்வர் குண்டானில் ஒரு சத்தம், ஈயச்சட்டியில் ஒரு சத்தம், நிரம்ப நிரம்ப அது மாறும், படுத்துக்கொண்டு எது முதலில் நிரம்பும் என்று தம்பியோடு பந்தயம். அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்ட யூனிஃபார்ம் மறுநாள் புகைநாற்றம் அடிக்கும், வகுப்பு முழுக்க அதே நாற்றம் என்பதால் யாருக்கும் யாரையும் சொல்ல முடியாது. இப்போது நினைத்தால் அதில் பாதி கஷ்டம்தான், அம்மா எத்தனை நாள் நனைந்த விறகோடு மல்லுக்கட்டினாள், ஆனால் அந்த வயதில் கஷ்டம் எல்லாம் பெரியவர்கள் சொத்து, பிள்ளைகளுக்கு ஈசல் போதும். இடிக்கும். இடித்ததும் அம்மா, செய்கிற வேலையை விடாமலே, முறத்தைப் புடைத்துக்கொண்டே, அர்ஜுனா அர்ஜுனா என்பாள். பக்கத்து வீட்டிலும் அர்ஜுனா அர்ஜுனா, எதிர்வீட்டிலும் அதே. இடிச் சத்தத்தோடு கரண்ட் போகும். தெருவே அர்ஜுனனைக் கூப்பிடும். கொஞ்ச நேரம் கழித்து, மழை சற்றுக் குறைந்ததும், தெருக்கோடியிலிருந்து சைக்கிளில் காக்கிச் சட்டையும் மஞ்சள் பையுமாக லைன்மேன் அர்ஜுனன் வருவார். வந்து டிரான்ஸ்பார்மரில் பீஸ் போட்டுவிட்டுப் போவார். வீட்டுக்குள் குண்டு பல்பு எரியும். இதில் தப்பாகப் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது.

அதனால்தான் நாலாம் வகுப்பில் சார் அர்ஜுனன் யார் என்று கேட்டபோது எல்லாருக்கும் முந்திக்கொண்டு எழுந்து, ஈபியில வேலை பாக்குறார் சார் என்றாள். வகுப்பு கப்சிப். சார் சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, சரி, அவர் கையில எப்பவும் என்னம்மா இருக்கும் என்றார். கட்டிங் பிளேயர் சார். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க அவளுக்குக் கட்டிங் பிளேயர் என்றுதான் பேர். கையில் வில், தேர், கிருஷ்ணன், எல்லாம் சார் விளக்கமாகச் சொன்னார், அவளும் பரீட்சையில் எழுதினாள், மார்க்கும் வாங்கினாள், ஆனால் உள்ளுக்குள் ஒத்துக்கொள்ளவில்லை. வில்லோடு தேரில் இருக்கிறவர் எந்த ஊரில் எந்த டிரான்ஸ்பார்மருக்குப் பீஸ் போட்டார். கூப்பிட்டால் வருகிறவர்தானே அர்ஜுனன். இதைத்தான் காலையில் கனிக்குத் தலைபின்னும்போது சொன்னாள். சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொல்லவில்லை, ரிப்பனை இழுத்துக் கட்டும்போது வெளியே உறுமியது, குழந்தையின் கை மேலே போனது, அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு அவள் வாய் தானாக அர்ஜுனா அர்ஜுனா என்றது. யாரும்மா அது என்று, மறுபடி வாய்க்குப் போன கையின் விரலிடுக்கு வழியாகக் கேட்டாள் கனி. மழை நாளில் கேள்வி கேட்டாளே, அதுவே பெரிசு. லைன்மேன் என்று சொல்லிவிட்டாள். வில்லாளி என்று சொல்லியிருக்கலாம், சாமி என்று சொல்லியிருக்கலாம், பொய்யுமில்லை. நம்ம ஊர் லைன்மேன், இடிச்சா கூப்பிடணும், கூப்பிட்டா சைக்கிள்ல வந்து எல்லாத்தையும் சரிபண்ணிட்டுப் போவார். இங்கயும் வருவாரா என்றாள். இங்கயும் வருவார். கனி நம்பின மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேனில் ஏறினாள், ஏறும்போது கை வாய் மேல்தான் இருந்தது. பாதிக் கதைதான் சொன்னாள். மீதியைச் சொல்லவில்லை. வேன் இன்னும் காணோம்.

கடைக்குள் கரண்ட் இல்லாமல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காதர் பாய் கால்மிதி மிஷினை மிதித்துக்கொண்டேதான் இருந்தார், டடடடவென்று அது ஓடுகிற சத்தம் மழைக்குள்ளும் கேட்டது. அவர் தலைநிமிராமலே, நின்னா வேன் வராது தங்கச்சி, உக்காந்தாத்தான் வரும் என்று முக்காலியைக் காலால் தள்ளினார். உங்க மிஷினுக்குக் கரண்ட் வேண்டாம் பாய், கொடுத்துவெச்சவர் என்றாள். ஆமா, கொடுத்துவெச்சது ரெண்டு முட்டிவலி என்றார் அவர். சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் அடுத்து அவர், ரயில்வே சப்வேயில தண்ணி நிக்குதாம், வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுத்தான் வருது, பயப்படாதே என்றார். பயப்படாதே என்று சொல்லும்வரை அவள் பயப்படவில்லை. சப்வே. தண்ணீரைப் பார்த்தால் கனி என்ன செய்வாள், வேன் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள், பார்த்துவிட்டுச் சீட்டுக்கு அடியில் போயிருப்பாள், யாருக்கும் தெரியாது, கத்தினால்தானே தெரியும், கத்தமாட்டாளே. மீதிக் கதை வந்து இடறியது. வேண்டாம் என்று தள்ளினாள், செருப்பைப் பார்த்தாள், தண்ணீர் வாரைத் தொட்டுக்கொண்டிருந்தது, மறுபடி வந்தது. ஒரு கார்த்திகையில், விளக்கு வைக்கிற நேரத்தில், கூப்பிட்ட குரலுக்கு அர்ஜுனன் வந்தார், நனைந்த கம்பத்தில் ஏறினார், வழுக்கி விழுந்தார். தோள்பட்டை எலும்பு. ஆளைத் தூக்கிக்கொண்டு போனதை அவள் பார்த்தாள், சைக்கிள் மட்டும் கம்பத்தில் சாய்ந்தபடி மழையில் நனைந்துகொண்டே நின்றது, கேரியரில் மஞ்சள் பை. பீஸ் கம்பியின் மிச்சத்தில் அவர் பண்ணிக்கொடுத்த மோதிரம் அவள் விரலில் கிடந்தது. அதற்குப் பிறகு இடித்தபோதெல்லாம் அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார், வந்தால் ஏறுவார். அதனால் இடித்ததும் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொள்வாள், இன்னொரு கையால் தம்பி வாயை. அம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா, அர்ஜுனான்னு சொல்லுடி என்று தலையில் குட்டுவாள், அவள் அப்போதும் திறக்கமாட்டாள்.

இளவரசி முக்காலியில் உட்கார்ந்தபடியே தன் கையைப் பார்த்தாள். இது எப்படி இத்தனை நாள் தோன்றவில்லை. ஒரு வருஷமாகக் கனியின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், வெந்நீர் வைத்தாள், மந்திரித்தாள், சாக்லேட் வாங்கிக்கொடுத்துப் பார்த்தாள், அது தன்னுடைய கை என்று தோன்றவில்லையே. அப்போது தானும் பயந்ததாக எல்லாரும் நினைத்தார்கள், அது பயமே இல்லை, அவள் ஒரு ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அப்படியென்றால் இவள் யாரைக் காப்பாற்றுகிறாள். மூட்டையோடு படியேறின அப்பாவையா. சத்தம் போட்டால் அப்பாவுக்குக் கால் வழுக்கும் என்றா. வாயை மூடு என்றதும் மூடினாள், அவன் வழுக்காமல் ஏறிவிட்டான், அப்போ மூடினால் நல்லது என்றுதானே ஒரு பிள்ளை கணக்குப் போடும். இன்றைக்கு ராத்திரி ராஜதுரையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், நீங்க திட்டினதால இல்லைங்க, நீங்க விழக்கூடாதுன்னு. மீதிக் கதைக்கு ஒரு மீதி உண்டு, அதுவும் நினைவுக்கு வந்தது. தை பிறப்பதற்கு முன்னால் அர்ஜுனன் திரும்ப வந்தார், ஒரு தோள் சற்று இறங்கி, அதே சைக்கிளில். அவள் வாய்க்கால் மதகு ஓரம் வழிமறித்து நின்று கேட்டாள், நாங்க கூப்பிடுறது உங்களுக்கு நெசமாவே கேக்குமா என்று. அவர் காலை ஊன்றி நின்றார், சிரிக்கவில்லை, யோசித்தார்.

“கேக்கும் பாப்பா. மெதுவா கூப்பிட்டா மெதுவா வருவேன், சத்தமா கூப்பிட்டா வெரசா வருவேன்.”

“அப்ப மெதுவாவே கூப்பிடறேன். பாத்து ஏறுங்க.”

அதிலிருந்து அவள் மறுபடி கூப்பிட்டாள், முணுமுணுவென்று, அவர் அவசரப்படாத அளவுக்கு. அம்மாவுக்கு அது பக்தியாகத் தெரிந்தது. இந்த மெதுவா, வெரசா விஷயத்தைக் காலையில் கனியிடம் சொன்னாளா. சொன்னாள், கதவுகிட்டே, ஷூ மாட்டும்போது. விழுந்ததைச் சொல்லவில்லை, இதைச் சொன்னாள். சரிதான். விழுந்ததைப் பெரியவளானதும் சொல்லிக்கொள்ளலாம். அந்நேரம் பார்த்துத் தலைக்கு மேலேயே பிளந்த மாதிரி ஒரு இடி. தகரம் அதிர்ந்தது, மெழுகுவர்த்தி ஆடியது, காதர் பாய் அல்லாஹ் என்றார், இளவரசி அர்ஜுனா அர்ஜுனா என்றாள், இரண்டும் ஒரே மூச்சில் வந்ததில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவர் காதுல விழுந்தாலும் சரி என்றார் பாய். அந்தச் சிரிப்பு அடங்கும்போது இன்னொரு சத்தம் கேட்டது. மழைச் சத்தத்துக்கு நடுவில், மெயின் ரோட்டுப் பக்கமிருந்து, கோயில் ஊர்வலத்தில் கோஷம் போடுகிற மாதிரி. எழுந்து நின்றாள். மஞ்சள் வேன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெல்லத் திரும்பியது, ஜன்னலெல்லாம் மூடி, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, உள்ளே எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும். அர்ஜுனா. அர்ஜுனா. பத்துப் பதினைந்து பிள்ளைகள் தொண்டை கிழிய. அவள் குடையை எடுக்க மறந்து ரோட்டில் இறங்கினாள்.

கதவு திறந்தது. டேவிட் காதைக் குடைந்துகொண்டே, அழுதுச்சும்மா, மொதல்ல அழுதுச்சு, பொய் சொல்லமாட்டேன் என்றார். சப்வே தண்ணியைப் பாத்ததும் சீட்டுக்குக் கீழ போயிடுச்சு. அப்புறம் ஒரு இடி விழுந்துச்சு பாருங்க, கீழேயிருந்து ஒரு சத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் மத்ததுங்களுக்கும் சொல்லிக்கொடுத்து, வழி பூரா. யாரும்மா அந்த அர்ஜுனன், உங்க வூட்டுக்காரரா? இல்லைங்க என்றாள் இளவரசி. கனி படியில் நின்றாள். கண்ணிமை வீங்கியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது, ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அழுதிருக்கிறாள், நன்றாகவே அழுதிருக்கிறாள். ராஜதுரை இதைப் பார்த்தால் பார்த்தியா என்பான், டீச்சர் பார்த்தாலும் அதையேதான் சொல்வார்கள். சொல்லட்டும். அழுதால் என்ன, அழாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது. இளவரசி கண்ணைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் லஞ்ச் பை. வாய்க்குக் கொண்டுபோகக் கை இல்லை, இரண்டும் வேலையாக இருந்தன.

இடுப்பில் தூக்கிக்கொண்டு கூரைக்குக் கீழே வந்தாள். பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தது, கரகரவென்று பெரிய மனுஷி குரலில் பேசினாள்.

“நீ மெதுவா கூப்பிட்டா மெதுவா வருவாருன்னு சொன்னல்ல. அதான் எல்லாரையும் கத்தச் சொன்னேன்.”

“நல்லா கத்துனியா?”

“டேவிட் அண்ணன் காதைப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் வண்டி ஓட்டணும்னு எடுத்துட்டாரு.” கொஞ்சம் யோசித்தாள். “அம்மா, அவர் வந்துட்டாரா?”

ஊர் எங்கே இருக்கிறது, அவர் எங்கே இருக்கிறார், ரிட்டயர் ஆகிப் பேரப்பிள்ளைகளோடு இருப்பார், இந்த நேரம் அவர் வீட்டிலும் கரண்ட் போயிருக்கும், அவர் யாரைக் கூப்பிடுவார். மழை சற்று விட்டிருந்தது, தூறலாகி, தகரத்தில் தனித்தனிச் சொட்டாகக் கேட்டது, எவர்சில்வர் ஒன்று, ஈயம் ஒன்று. செருப்பு வாரைத் தொட்ட தண்ணீர் தொட்ட இடத்திலேயே நின்றிருந்தது. வந்துகிட்டே இருக்கார் என்று சொல்ல வாயெடுத்தாள். மேலே ஒரு குழல் விளக்கு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. காதர் பாய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். தெருவே ஆ என்று ஒரு மூச்சு விட்டது, எங்கோ டிவி, எங்கோ மோட்டார். எல்லாவற்றையும் மீறிக்கொண்டு மூன்றாவது வீட்டிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் உருண்டு வந்தது. கனியின் உடம்பு ஒரு கணம் விறைத்தது, லஞ்ச் பை பிடித்த கை பாதி தூரம் மேலே போனது. அங்கேயே நின்றது. காதைச் சாய்த்துக் கேட்டாள்.

அணைக்கவில்லை. சுவிட்சை அணைக்கவே இல்லை. தண்ணீர் தெளிக்க ஆளில்லாமல் உளுந்து கல்லோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

“நம்ம கிரைண்டரும்மா” என்றாள் கனி, கரகரத்த குரலில், கை இறங்கிவிட்டது. “நம்ம வீட்டுக்குத்தான் முதல்ல வந்திருக்காரு. ஓடும்மா, போயிடப் போறாரு.”

குடையைப் பாய் கடையிலேயே விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, நைட்டி நனைய நனைய இளவரசி ஓடினாள்.